போத்தலோடு தனியே

பரமலிங்கம் செத்து எட்டாம் நாள், அவருடைய மனைவி கேதீஸ்வரி தன் கையாலேயே ஒரு முழுப் போத்தல் சாராயத்தைப் படையலில் வைத்தார். இருநூற்றுத் தொண்ணூற்றாறு நாட்கள் அந்த மனிதன் ஒரு சொட்டும் தொடவில்லை என்பது, அன்றைக்கு அந்த வளவில் நின்ற அறுபது பேரில் எனக்கும் என் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். வாயைப் பொத்துவதில் நான் வலு கெட்டிக்காரன்.

என் பெயர் துரைராஜா. சண்டிலிப்பாயில் கணக்கு மாஸ்ரர் என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். முப்பத்துநான்கு வருடம் படிப்பித்து இளைப்பாறியவன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் வேதபாடம் வாசிக்கிறவன். குடிகாரன் என்பது என் மனைவி மனோன்மணிக்கு மட்டும் தெரியும். நான் சந்தியில் வேட்டி அவிழ விழுந்து கிடந்தவன் அல்ல. அறைக்கதவைப் பூட்டிவிட்டு, பழைய வினாத்தாள் கட்டுகளுக்குப் பின்னால் போத்தலை ஒளித்துவைத்து, மரியாதையாகக் குடித்தவன். விடிந்ததும் ஏலக்காய் சப்பிக்கொண்டு ஜெபக்கூட்டத்துக்குப் போனவன்.

ஈரல் வீங்கியிருக்கிறது என்று கண்ட டொக்டர், ஒரு துண்டில் தொலைபேசி எண் ஒன்றை எழுதித் தந்தார். அந்தத் துண்டு நாலு மாதம் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் கிடந்தது. மூன்று தரம் எண்ணை அழுத்தி, மூன்று தரமும் மணி அடிக்கும்போதே வைத்துவிட்டேன். நாலாம் தரம் அந்தப் பக்கமிருந்தே அழைப்பு வந்தது.

"அண்ணை, நீங்கள்தானே மூண்டு தரம் அடிச்சு வைச்சனீங்கள்? பயப்பிடாதேங்கோ. பேர் சொல்லத் தேவையில்லை, ஒண்டும் கொண்டுவரவும் தேவையில்லை. வந்து இருந்தால் காணும். எவடத்திலை இருக்கிறியள்?"

பேசியவர் ஜெயசுதன். ஓட்டோ ஓடுகிறவர். பதினொரு வருடமாகக் குடிக்காதவர். குடியை விட நினைக்கிறவர்களுக்கு நடக்கும் கூட்டத்தை ஒழுங்கு செய்கிறவரும் அவர்தான். நான் ஊரைச் சொன்னேன். கிட்டவே சனிக்கிழமைகளில் ஒரு கூட்டம் நடக்கிறது என்றார்.

"தூரத்திலை ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "எல்லாரும் இதைத்தான் கேக்கினம் அண்ணை. அப்ப வியாழக்கிழமை நாலு மணிக்குத் தெல்லிப்பழைக்கு வாங்கோ."

மனோன்மணி உடனே ஒரு பொய்யைத் தயார் செய்துவிட்டாள். முழங்கால் நோவுக்கு எண்ணெய் போட ஒரு பரியாரியாரிடம் போகிறேன் என்று ஊருக்குச் சொல்வதாகத் தீர்மானம். நான் இரண்டு பஸ் மாறி, தலையில் தொப்பியும் கையில் குடையுமாகப் போய் இறங்கினேன்.

மூடிக் கிடந்த ஒரு பாலர் பாடசாலையில் கூட்டம். சுவரில் யானையும் மயிலும் கீறியிருந்தது. பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் எட்டு ஆம்பிளைகள் முழங்கால் நெஞ்சில் முட்டக் குந்தியிருந்தார்கள். அதில் ஒருவர் முகம் முழுக்க மூடிய ஹெல்மெட் போட்டிருந்தார். யாரும் அவரைக் கழற்றச் சொல்லவில்லை. ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிகாரன் என்று சொல்லி, அந்தக் கிழமையைப் பற்றிக் கதைத்தார்கள். என் முறை வந்தது. பெயரைச் சொன்னேன். மற்றச் சொல் வரவில்லை.

அப்போதுதான் ஹெல்மெட்டுக்குள் இருந்து சத்தம் வந்தது. "மாஸ்ரர், நீங்களுமோ?"

கழற்றினார். எங்கள் வீட்டுக்குப் பின்வளவுக்காரர், புகையிலையும் வெங்காயமும் செய்கிற பரமலிங்கம். "அட கடவுளே! உங்களைப்போலை ஊராக்களின்ரை கண்ணிலை படக்கூடாதெண்டுதானே இந்த ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வந்தனான்!" என்றார். அவரிடம் மோட்டார் சைக்கிளே கிடையாது. பஸ்ஸில் ஹெல்மெட்டோடு வந்திருக்கிறார். அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்போடு சிரிப்பாக அந்தச் சொல்லும் என் வாயிலிருந்து வந்துவிட்டது. அழுதும்விட்டேன்.

அது பரமலிங்கத்துக்கும் முதற் கூட்டம். வைகாசி இரண்டாம் திகதி. அன்றிலிருந்து அவரும் நானும் நாட்களை ஒன்றாக எண்ணினோம்.

அவருடைய வீட்டில் அப்போது அவர் தனி. கேதீஸ்வரி இரண்டு வருடங்களுக்கு முன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வவுனியாவில் இருக்கும் மகள் தாரிகாவிடம் போய்விட்டார். போன அன்று படலையில் நின்று, "உந்தச் சாராயத்தோடையே குடும்பம் நடத்துங்கோ" என்று சொன்னதைப் பின்வளவில் நின்ற நானும் கேட்டேன். கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றேன். கோப்பைக்குள் இருந்தது தேத்தண்ணி இல்லை.

"அஞ்சு தரம் அம்மன் கோயிலிலை கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணினனான் மாஸ்ரர். அஞ்சையும் முறிச்சுப்போட்டன்" என்றார் ஒருநாள். "இனி வாயாலை சொன்னால் அவள் நம்பமாட்டாள். ஒரு வருசம் முடியட்டும். அந்தத் தகட்டைக் கொண்டுபோய்க் கையிலை குடுப்பன்."

ஒரு வருடம் குடிக்காமல் இருந்தவருக்குக் கூட்டத்தில் ஒரு சின்ன வட்டத் தகடு தருவார்கள். கடையில் விற்றால் தேத்தண்ணிக்கும் காணாது. பரமலிங்கம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தகட்டோடு வவுனியாவுக்குப் போய் மனைவியைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். வேறு ஒன்றையும் அவர் ஆசைப்பட்டதாக எனக்குத் தெரியாது.

குடி அவருடைய கால் நரம்பைத் தின்றுவிட்டிருந்தது. குடியை விட்ட பிறகும் நடை தள்ளாடும். வியாழன் பின்னேரம் பஸ்ஸால் இறங்கி அவர் தள்ளாடிக்கொண்டு வர, "கள்ளுத் தவறணையாலை வாறார் ஐயா" என்று சந்திக் கடையில் சிரிப்பார்கள். நான் முதல் தரிப்பில் இறங்கிவிடுவேன். அவர் அடுத்த தரிப்பில் இறங்குவார். ஒன்றாக இறங்கினால் ஊர் எங்களைச் சேர்த்துப் பார்க்கும் என்று அந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான்தான். அவர் அதற்கும் ஒத்துக்கொண்டார். கடைக்காரருக்கும் மறுத்துச் சொல்லவில்லை. "சொல்லட்டும். தகடு கிடைச்சாப் பிறகு பாப்பம்" என்பார்.

கூட்டம் முடிந்ததும், பஸ் வரும்வரைக்கும் தரிப்பில் நின்று வவுனியாவுக்குத் தொலைபேசி எடுப்பார். குடியை விட்டதைச் சொல்ல இல்லை. அதற்குத் தகடு இருக்கிறது. சும்மா சுகம் கேட்க. மணி அடிக்கும், அடித்து ஓயும். "வேலையா இருப்பள்" என்று சொல்லிக் கைப்பேசியைச் சட்டைப் பையில் போடுவார். ஒவ்வொரு வியாழனும் இதுதான். ஐப்பசி மாதம் ஒருநாள் என்னிடம் கேட்டார்.

"மாஸ்ரர், உங்கடை போனிலை ஒருக்கா அடிச்சுத் தாங்கோவன். வேறை நம்பர் எண்டால் எடுப்பள்."

"சாஜ் இல்லை பரமலிங்கம்" என்றேன்.

சாஜ் இருந்தது. கணக்கு மாஸ்ரர் ஏன் என் புருசனோடு தெல்லிப்பழையில் நிற்கிறார் என்று அவர் மனைவி யோசித்தால்? அவர் தாரிகாவுக்குச் சொல்ல, தாரிகா ஊரில் யாருக்காவது சொன்னால்? இவ்வளவையும் ஒரு நொடியில் கணக்குப் போட்டுத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அவர் என் பையிலிருந்த கைப்பேசியை ஒருதரம் பார்த்தார். பிறகு பஸ்ஸைப் பற்றிக் கதைத்தார்.

இப்படிப்பட்ட எனக்கு அவர் செய்ததையும் சொல்லவேண்டும். மார்கழியில், கரோல் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போய்வந்த அடுத்த நாள், நான் ஒரு போத்தல் வாங்கிவிட்டேன். கிணற்றடியில் இருக்கும் பம்புக் கொட்டிலுக்குள் போய் அதை முன்னால் வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். மூடியைத் திறக்கவில்லை. பரமலிங்கத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். "எங்கை இருக்கிறியள்?" என்று மட்டும் கேட்டார். ஐந்து நிமிடத்தில் வேலிப் பொட்டுக்குள்ளால் அந்தக் காலை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினார். புத்தி ஒன்றும் சொல்லவில்லை.

"போத்தலோடை தனிய இருக்கக்கூடாது மாஸ்ரர். அவ்வளவுதான். மற்றதெல்லாம் பிறகு பாப்பம்."

வெகுநேரம் இருந்தோம். பிறகு அவரே மூடியைத் திறந்து, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, வாழை அடியில் ஊற்றினார். அவருக்கும் அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மாசி இருபத்திரண்டாம் திகதி காலை, புகையிலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் வரம்பில் விழுந்தார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே முடிந்துவிட்டது. இன்னும் எழுபது நாள் இருந்திருந்தால் தகடு கையில் இருந்திருக்கும்.

செத்தவீட்டில், "ஈரல் கரைஞ்சுபோச்சு" என்றார் ஒருவர். "குடிச்சே அழிஞ்சான்" என்றார் இன்னொருவர். கேதீஸ்வரி வவுனியாவிலிருந்து வந்து தலைமாட்டில் இருந்தார். அவருக்கும் அது கேட்டது. தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. எரிந்து என்ன? பின்னால் ஒரு கதிரையில் போய் இருந்துகொண்டேன்.

அந்த வியாழன் கூட்டத்தில் அவருடைய சின்னக் கதிரையை வெறுமையாக விட்டிருந்தார்கள். நான் ஜெயசுதனிடம் கேட்டேன். "அவர் குடியை விட்டதை அவரின்ரை மனுசிக்குச் சொல்லலாமோ? இஞ்சை கேட்டது வெளியிலை போகக்கூடாதெண்டு எல்லே சொல்லுறனாங்கள்?"

ஜெயசுதன் சொன்னார்: "அண்ணை, ஆரையும் நாங்கள் காட்டிக் குடுக்கிறேல்லை. ஆனால் அவர் உதை மனுசிக்குச் சொல்லத்தானே இருந்தவர். உங்கடை கதையை நீங்கள் சொல்லலாம், அதுக்கு ஒரு தடையும் இல்லை. உங்கடை கதைக்குள்ளை அவர் வந்தால் என்ன செய்யிறது?"

அதாவது, பரமலிங்கத்தின் பெயரைத் துடைக்க வேண்டுமென்றால் முதலில் என் பெயரை அழுக்காக்க வேண்டும். வீட்டுக்கு வந்து மனோன்மணியிடம் சொன்னேன்.

"செத்தவருக்கு இனி என்ன பேர்?" என்றாள். "நாங்கள் இந்த ஊரிலை இன்னும் சீவிக்கவேணும்." அவள் கெட்டவள் அல்ல. இருபது வருடம் எனக்காகப் பொய் சொல்லிக் களைத்தவள். நான் அவள் சொன்னதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் மத்தியானம் எட்டுச்செலவு. செத்தவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்து, அறைக்குள் தலைவாழை இலையில் படைத்து, விளக்கேற்றி, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். கொஞ்சநேரம் யாரும் உள்ளே போகக்கூடாது. செத்தவர் வந்து சாப்பிடுவார் என்பது நம்பிக்கை. நான் வேதக்காரன், எனக்கு இதெல்லாம் இல்லை. ஆனால் அயலட்டையில் போகாமல் இருக்க முடியாது. மனோன்மணியும் நானும் போய் அறை வாசலில் நின்றோம்.

நண்டுக்கறி, முரல்மீன் பொரியல், ஒடியல் பிட்டு, வெற்றிலை, சுருட்டு. கடைசியாகக் கேதீஸ்வரி ஒரு கடதாசிப் பையை அவிழ்த்துச் சாராயப் போத்தலை எடுத்தார்.

"குடியாதேங்கோ குடியாதேங்கோ எண்டு முப்பது வருசம் கத்தினன்" என்று இலையைப் பார்த்துச் சொன்னார். "போகேக்கையும் வாயாலை கெட்ட சொல்லுச் சொல்லிப்போட்டுப் போனன். இண்டைக்கு நானே வேண்டி வந்திருக்கிறன். ஒருத்தரும் பேசமாட்டினம். ஆறுதலா இருந்து குடியுங்கோ."

அங்கே நின்ற பெண்கள் எல்லோரும் அழுதார்கள். மருமகன் பார்த்தீபன் போத்தலைத் திறந்து ஒரு கிளாசில் விளிம்பு முட்ட ஊற்றினான். இன்னும் ஒரு சொட்டு விட்டால் வழியும். அதை இலையின் தலைப்பில் வைத்தான். எல்லோரும் வெளியே வந்தோம். தாரிகா கதவைச் சாத்தினாள்.

நான் முற்றத்தில் நின்று அந்தக் கதவைப் பார்த்தேன். நீலப் பூச்சு உரிந்த பழைய கதவு. பக்கத்தில் இரண்டு பேர் வெங்காய விலை கதைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேர்த்துக் கொட்டியது. எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொன்னேன், உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் என் மண்டைக்குள் ஒன்றே ஒன்றுதான் நின்றது. அந்த மனிதன் உள்ளே இருக்கிறார். போத்தலோடு தனியே இருக்கிறார். பத்து மாதமாக எதற்குப் பயந்து பயந்து நடந்தாரோ, அதைத் திறந்து ஊற்றி முன்னால் வைத்து, ஆசையாகக் குடி என்று சொல்லிக் கதவையும் சாத்திவிட்டோம். என்னிடம் அவர் ஐந்து நிமிடத்தில் வந்தார். நான் பத்தடி தள்ளி நின்று வேர்வை துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

"கதவைத் திறவுங்கோ" என்றேன்.

யாருக்கும் விளங்கவில்லை. மனோன்மணி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் இன்னும் பலமாகச் சொன்னேன்.

"பிள்ளை, கதவைத் திற! அவரை அதோடை தனிய விடக்கூடாது!"

பார்த்தீபன் வந்தான். "மாஸ்ரர், என்ன இது? செத்தவீட்டிலை நிண்டு..."

"மாஸ்ரரும் இண்டைக்குக் கொஞ்சம் ஏத்தியிட்டார் போலை" என்று பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புத்தான் என்னைத் தள்ளிவிட்டது. அறுபது பேருக்கும் கேட்கச் சொன்னேன். வகுப்பில் சொல்வது போலத்தான் வந்தது.

"என்ரை பேர் துரைராஜா. நான் ஒரு குடிகாரன். இருபது வருசம் ஒளிச்சுக் குடிச்சனான். போன வைகாசியிலையிருந்து குடிக்கேல்லை. நான் முழங்காலுக்கு எண்ணெய் போடப் போகேல்லை. குடியை விடுற ஆக்களின்ரை கூட்டத்துக்கு, தெல்லிப்பழைக்குப் போனனான். பரமலிங்கமும் அங்கைதான் வந்தவர். தவறணைக்கு இல்லை. அந்தாளின்ரை காலிலை நரம்பு செத்துப்போச்சு, அதாலைதான் தள்ளாடினவர். இருநூற்றித் தொண்ணூற்றாறு நாள். நான் எண்ணினனான். ஒரு சொட்டுக் குடிக்கேல்லை."

வெங்காய விலை நின்றுவிட்டது. மனோன்மணி என் சட்டையை விட்டுவிட்டாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை.

கேதீஸ்வரி குசினி வாசலிலிருந்து மெல்ல நடந்து வந்தார்.

"வியாழக்கிழமையிலையோ?" என்றார்.

"ஓம்."

"ஆறு மணிபோலை?"

"ஆறு மணிக்குத்தான். பஸ் ஏற முதல். பக்கத்திலை நான் நிக்கிறனான்."

"ஒவ்வொரு வியாழனும் போன் கோல் வரும்" என்றார் கேதீஸ்வரி. "பின்னேரத்திலை எடுத்தால் அது வெறியிலைதான். முப்பது வருசமா எனக்கு அப்பிடித்தானே பழக்கம். போனைப் பார்த்துக்கொண்டு இருப்பன். ஒருநாளும் எடுக்கேல்லை."

"ஒரு வருசம் முடிய உங்களைக் கூட்டியர வவுனியாவுக்கு வரவிருந்தவர். அதுக்கு முதல் சொன்னால் நம்பமாட்டியளெண்டு..."

"நம்பியிருக்கமாட்டன் மாஸ்ரர்" என்றார். "நம்பியிருக்கவேமாட்டன்."

என் மற்றக் குற்றத்தையும் அங்கேயே சொல்லிவிட்டேன். "என்ரை போனிலை ஒருக்கா அடிச்சுத் தரச்சொல்லிக் கேட்டவர். நான் சாஜ் இல்லை எண்டு பொய் சொன்னனான்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் என்னைத் தாண்டிப் போய்க் கதவில் கையை வைத்தார். "இன்னும் நேரம் ஆகேல்லை, திறக்கக்கூடாது" என்று ஒரு கிழவர் தடுத்தார். கேதீஸ்வரி திரும்பியும் பார்க்கவில்லை. தள்ளித் திறந்தார்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நண்டும் மீனும் வைத்தபடி. இலையின் தலைப்பில் அந்தக் கிளாஸ், பார்த்தீபன் ஊற்றிய மாதிரியே, விளிம்பு முட்ட நின்றது.

கேதீஸ்வரி முழங்காலில் இருந்து, தலையைத் தாழ்த்தி, அந்த விளிம்பை வெகுநேரம் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"தொடேல்லை மாஸ்ரர்."

எழும்பி வாசலுக்கு வந்து, முற்றத்தில் நின்ற அவ்வளவு சனத்தையும் பார்த்துக் கத்தினார். முப்பது வருடம் இந்த ஊருக்கு முன்னால் தலையைக் குனிந்தே நடந்த மனுசி.

"எல்லாரும் வந்து பாருங்கோ! என்ரை மனுசன் தொடேல்லை!"